கிழக்கு பார்த்த பெட்டி

கார்த்திகை 9, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தமிழ்மொழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் மாடும் கன்றும் சுகம். புனேயில் நீயும் சுகமாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிற அப்பாவுக்கு இப்போது என்ன கடிதம் வேண்டியிருக்கிறது என்று நினைப்பாய். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், தெருவே கேட்கிறது. நான் சொல்லப் போவது தெரு கேட்கிற விஷயம் இல்லை, உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் அம்மா அனுப்புகிற முறுக்கு டப்பாவுக்கு அடியில் இதை வைத்திருக்கிறேன். முதலில் முறுக்கைத் தின்றுவிடு, வயிறு நிறைந்திருந்தால் கோபம் கொஞ்சம் கம்மியாக வரும்.

இங்கே மழை விட்டபாடில்லை, கோமுகி அணை நிரம்பிவிட்டது என்கிறார்கள். மரவள்ளிக் கொல்லையில் தண்ணீர் நின்று கிழங்கு அழுகிவிடுமோ என்று இரண்டு நாளாக வாய்க்கால் வெட்டினேன், முதுகு பிடித்துக்கொண்டது. அம்மா தைலம் தேய்த்துக்கொண்டே வயசுக்குத் தகுந்த வேலை செய்யத் தெரியாதா என்று கேட்டாள். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. எலவனாசூர்கோட்டை அத்தை பெண் ரம்யாவுக்குத் தையில் கல்யாணம், லீவு கேட்டு வை. எதிர்வீட்டு ஆதிமூலம் என்னோடு ஒரு மாதமாகப் பேசவில்லை, அதற்குக் காரணமும் நான் சொல்ல வந்ததற்குள்தான் இருக்கிறது.

நீ இங்கே வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்த்தபோது படுத்துப்போன நெட்டைச் சரிசெய்ய, நீ புனேவுக்குப் போய் மூன்று வாரம் கழித்து, போன வியாழக்கிழமைதான் நெட் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். கண்ணாயிரம் என்று பெயர், கள்ளக்குறிச்சிக்காரர். மழையிலே லைன் எல்லாம் கோளாறு, அதனால்தான் இத்தனை நாள் வர முடியவில்லை என்றார். நான் அவரை உட்காரக்கூட விடவில்லை. உங்களால் என் பெண் வேலை கெட்டது, உங்கள் கம்பெனி உருப்படுமா என்று வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினேன். பாவம், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ரூட்டரைப் பார்த்தார். நாலு விளக்கு எரிய வேண்டிய இடத்தில் வழக்கம்போல் ஒரே ஒரு விளக்கு அழுதுகொண்டிருந்தது. டவரிலிருந்து நெட்டை வாங்குகிற பெட்டி மாட்டியிருக்கிற மொட்டைமாடிக்கு ஏறினார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, மேலிருந்து குரல் கொடுத்தார். "பெரியவரே, டவரு மேற்கால மலமேல கீது. பொட்டி கெழக்கால பாத்துக்கினு கீது. யாருங்க இத திருப்பனது?" என்றார். யார் திருப்பியது என்று உலகத்திலேயே ஒருத்தனுக்குத்தான் தெரியும், அவன் கீழே மாட்டுக்குத் தவிடு கலக்குகிற பாவனையில் நின்றுகொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். ஆயுத பூஜை அன்றைக்கு நீ சிநேகிதி வீட்டுக்குத் திருக்கோவிலூர் போயிருந்தாய். நான் மண்வெட்டி, கொடுவாள், மருந்தடிக்கிற டேங்க், பைக் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தேன். உன் லேப்டாப்புக்கு அம்மா பொட்டு வைத்தாள். அப்போது எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. லேப்டாப் வெறும் கலப்பைதான், அதை இழுக்கிற மாடு மொட்டைமாடியில் அல்லவா நிற்கிறது, என் பெண் பிழைப்புக்கே அதுதானே ஆதாரம், அதை விட்டுவிட்டுப் பூஜை போட்டால் எப்படி என்று நினைத்தேன். ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஏறி, ஒயரைப் பிடுங்கி, பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து துடைத்து, விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன். சாயங்காலம் திரும்ப மாட்டப் போனபோதுதான் கவனித்தேன், கம்பெனிக்காரர்கள் அதை மேற்கே பார்க்க மாட்டியிருந்தார்கள். வாசல் கிழக்கு, பூஜை அறை கிழக்கு, பூஜை போட்ட சாமானை மட்டும் மேற்கே பார்த்து வைப்பதா என்று நானே கிழக்கே திருப்பி, ஆடாமல் இருக்கட்டும் என்று போல்ட்டை எல்லாம் கை வலிக்க முறுக்கினேன். அந்த மலையையும் அதன்மேல் நிற்கிற டவரையும் தினம் பார்க்கிறவன்தான் நான். பெட்டியும் அதைப் பார்க்க வேண்டும் என்று புத்தியில் படவில்லை.

அதற்குப் பிறகு நான் போட்ட ஆட்டம் உனக்கே தெரியும். ரூட்டரை அலமாரியில் வைத்தேன், அரிசி டிரம்மின் மேல் வைத்தேன், பூஜை அறையில் வைத்தேன், ஒரு நாளைக்கு இருபது தடவை சுவிட்சை அணைத்துப் போட்டேன். கம்பெனிக்குப் போன் செய்தால் பெட்டிக்கு நேராக மரம் ஏதாவது மறைக்கிறதா பாருங்கள் என்றார்கள். ஏறிப் பார்த்தேன். பெட்டி பார்க்கிற பக்கம்தானே நானும் பார்ப்பேன், நேர் எதிரே ஆதிமூலம் வீட்டுப் புங்கமரம். அவனிடம் போய்ச் சண்டை போட்டு மூன்று கிளையை வெட்ட வைத்தேன். வெட்டிய அன்றைக்கு நெட் வேகமாக வருகிற மாதிரி இருக்கிறது என்று உன்னிடம் வேறு சொன்னேன். நீ பாவம், ஆமாம்ப்பா என்று தலையாட்டினாய்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம், நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. மீட்டிங்கில் உன் குரல் விட்டு விட்டுப் போனபோது உன் மேனேஜர், ஊரில் உட்கார்ந்து வேலை செய்யாமல் நெட் இல்லை என்று பொய் சொல்கிறாய் என்று எல்லார் முன்னாலும் சொல்லி, உடனே ஆபீசுக்கு வா, மார்கழி முடிவதற்குள் உன்னை வைத்துக்கொள்வதா என்று பார்க்கிறேன் என்றாரே, அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. அவர் சொன்னதுகூடப் பெரிதில்லை. உன்னை ரயில் ஏற்றச் சின்னசேலம் ஸ்டேஷனுக்கு வந்தவன், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உன்னிடமே சொன்னேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறிவிட்டாய். கூடம் கோணல்தான் அம்மா, கோணலாக்கியவன் நான். உன்னை நான் நம்பவில்லை.

கண்ணாயிரம் பெட்டியை மலைப்பக்கம் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து நிறுத்தினார், நாலு விளக்கும் எரிகிறது. கம்பத்தில் பெயின்ட்டால் கோடு போட்டு, அடுத்த வருஷம் பூஜையை மொட்டைமாடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். காபி கொடுத்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆதிமூலத்திடமும் போய் உண்மையைச் சொன்னேன், வெட்டின கிளையை ஒட்டிக் கொடு, அப்புறம் பேசுகிறேன் என்கிறான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் இப்போதைக்குச் சொல்லாதே.

இந்தக் கடிதத்தோடு உன் மேனேஜருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் பெட்டியைக் கழற்றினேன், எந்தப் பக்கம் திருப்பினேன், எந்தத் தேதியில் சரியானது என்று எழுதி, சாட்சிக்குக் கண்ணாயிரம் கையெழுத்தும் போன் நம்பரும் வாங்கியிருக்கிறேன். படித்துவிட்டு ஆபீஸே சிரிக்கட்டும், என் பெண் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தால் போதும். வேலையில் வைத்துக்கொண்டு மறுபடி வீட்டிலிருந்து பார்க்கச் சொன்னால் வா, இல்லாவிட்டாலும் பொங்கலுக்கு வா. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ஹோட்டல் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். குலதெய்வம் துணையிருந்து நீ தலை நிமிர்ந்து நன்றாக இருக்க அப்பா அம்மா ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே, உன் மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, நீதான் படித்துச் சொல்ல வேண்டும். தப்பு என் மேல் என்று எழுதியிருக்கிற வரியை அப்பா பாவம் என்று விட்டுவிட்டுப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அதை விடாமல் படி.

இப்படிக்கு
உன் அப்பா
காசிநாதன்