சின்னதாக அச்சடித்த வானம்

என் அன்புள்ளவளுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், பக்கத்தில் நம் வாலு வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால்தான் கடிதம்.

போன வாரம் வீடியோவில் அவள் அறைச் சுவரைப் பார்த்துவிட்டு, "பத்து வயசுப் பொண்ணுக்குச் சமமா நீங்களும் ஆடுறீங்களா, ரூம் பூரா நட்சத்திரமா ஒட்டி வச்சிருக்கீங்க" என்று சிரித்தாய். நானும் சிரித்து வைத்தேன். அது விளையாட்டில்லை.

அவளுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. எப்படியோ எழுதிவிட்டேன். பள்ளிக்கூடப் படியில் மூன்றாவது தடவை விழுந்ததும் டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார், டாக்டரிடம் காட்டினேன். பிறவியிலேயே வந்ததாம், மருந்து கிடையாதாம். முதலில் இருட்டில் தெரியாது. பிறகு ஓரமெல்லாம் மூடிக்கொண்டே வந்து நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். கடைசியில் அதுவும் இருக்காது. இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டேன். ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை என்கிறார்கள்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மொட்டைமாடியில் நீ நட்சத்திரம் காட்ட, ஒன்றுமே இல்லையே என்றாள். அடம்பிடிக்கிறாள் என்று நீ ஒரு குட்டு வைத்தாய். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று நானும் சேர்ந்துகொண்டேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, எனக்கு நெஞ்சு ஆறவில்லை. டாக்டரிடம் அவளே கேட்டாள், "அப்போ நட்சத்திரம் நெசமாவே இருக்கா?" என்று. நாம் எல்லோரும் சேர்ந்து கதை விடுகிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளாம்.

அதற்குத்தான் இந்தப் படங்கள். தொலைநோக்கியில் எடுத்தவற்றைத் தேடிப் பிடித்து எங்கள் பேனர் கடை மெஷினிலேயே அடித்தேன். என் புத்தியைப் பார், பெரிதாக இருந்தால் நன்றாகத் தெரியும் என்று சுவரை அடைத்துக்கொண்டு ஒரு சனிக்கிரகம். கறுப்பு மை அத்தனையும் காலி. "வானத்துக்குமா விளம்பரம் புடிச்சிட்ட?" என்றார் முதலாளி. விஷயத்தைச் சொன்னதும் அவரே புது மை வாங்கிவந்து மாட்டினார்.

வாலு அதன் எதிரில் நின்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கறுப்பா இருக்குப்பா. இங்க ஒரு கோடு இருக்கு. அப்புறம் மறுபடியும் கறுப்பு" என்றாள். இப்போதே குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் தெரிகிறவளுக்குப் பெரிய படம் துண்டு துண்டாகத்தான் தெரியும் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் உள்ளங்கை அளவுக்கு அடித்தேன். நிலா, சனி, சிவப்பு மேகம் மாதிரி ஒன்று, இப்படி நாற்பது படம். இப்போது ஒவ்வொன்றையும் முழுதாகப் பார்க்கிறாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எது எங்கே இருக்கிறதென்று சொல்கிறாள், நான் சரிபார்க்க வேண்டும். ஒன்றுகூடத் தப்புவதில்லை. எதற்குப் பழகுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

நேற்று, "அம்மா மொகத்தையும் இதே சைஸுல அடிச்சுக் குடுப்பா" என்றாள். போனில் உன் முகம் ஆடிக்கொண்டே இருக்கிறதாம், கண்ணில் பிடிக்க முடியவில்லையாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அழுதாள். படமே போதுமென்று அவள் இருந்துவிட்டால், நீயும் அங்கேயே இருந்துவிடுவாய்.

உன் ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம் என்று தெரியும். படுக்கையில் கிடக்கும் அந்த வீட்டுப் பெரியவருக்கு உன்னை விட்டால் ஆளில்லை என்பதும் தெரியும். என்ன காரணம் சொல்லியாவது கிளம்பி வா. இத்தனை நாள் மறைத்ததற்கு என்னைத் திட்டவாவது வா.

உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாக வந்து சேர். டிக்கெட் எடுக்கும்போது பகலில் வந்து இறங்கும்படி பார்த்து எடு. இருட்டிவிட்டால், எதிரில் நிற்பது நீதான் என்று அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
உன் கணவன்