பிக்குவின் மொட்டைத் தலைக்கு மாட்டுக் கொழுப்பு நுரை

ஹாரினின் அப்பாவுக்கு,

அக்கா வீட்டுக்குப் போகிறேன். மீன்சாறு விடாத கிம்ச்சி ஊறுகாய் பிரிட்ஜில் இருக்கிறது, மீன்கூடத் தொடாத உங்களுக்காகவே போட்டது.

நான் விற்கும் முகம் கழுவும் நுரையில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறது என்று தெரிந்ததும், "செத்த மாட்டை மூஞ்சில பூசச் சொல்றியா?" என்று கத்தினீர்கள். ஒன்பது நாளாக வெறும் தண்ணீரில்தான் முகம் கழுவுகிறீர்கள். இன்று மதியம் உங்கள் கோயில் பிக்கு ஹேவோல் வருகிறார். மொட்டைத் தலைக்கு அந்த நுரைதான் வேண்டுமாம். கொழுப்பு விஷயத்தை அவரிடமும் சொன்னேன். "தலை கழுவுறப்பல்லாம் அந்த மாட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுடறேம்மா," என்றார். அவர் கேட்ட இரண்டு நுரை டியூபும் செருப்பு அலமாரி மேல் இருக்கின்றன; கொடுத்துவிடுங்கள்.

பி.கு.: உங்களுக்குத் தேங்காயெண்ணெய்ச் சோப்பு குளியலறையில்.

இன்னொன்று: உங்கள் முகத்தில் வழிகிற எண்ணெயும் கொழுப்புதான். உங்களுடையது என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.