கப்பல் சிக்னல்மேனுக்கு ஒரு குடல் சேதி

என் செல்ல நைனாவுக்கு,

முதலில் நல்ல சேதி. அண்ணன் தப்பித்துவிட்டான். பதறாதே, இப்போது அவனுக்கு ஒன்றுமில்லை. உனக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது ராயபுரத்திலிருந்து காலேஜுக்கு பஸ் பிடித்து ஓடிய உன் பெண், இப்போது ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறாள். எதைப் பற்றித் தெரியுமா? உன்னைக் கொண்டுபோன அதே பெருங்குடல் புற்றுநோயைப் பற்றித்தான். அறுவையில் எடுத்த கட்டியையும் பக்கத்திலிருந்த நல்ல குடலையும் வாங்கி, இரண்டிலும் உள்ள ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

"அப்டின்னா இன்னாம்மா?" என்பாய். மரபணுவில் எழுதியிருப்பதைப் பார்த்து உடம்பு எடுக்கும் நகல் அது. அதை வைத்துத்தான் புரதம் செய்கிறது. ஆனால் சில நீளமான ஆர்.என்.ஏ.க்களிலிருந்து எந்தப் புரதமும் வருவதில்லை. தண்டத்துக்கு இருக்கின்றன என்றே பலரும் ரொம்ப நாள் நினைத்தார்கள்.

உன்னை நினைத்த மாதிரியே! துறைமுகத்தில் நீ ஒரு மூட்டை தூக்கியதில்லை. கப்பலின் மேல்தட்டில் நின்று, கீழே சரக்கறையைப் பார்த்து, சரக்குத் தூக்கும் வின்ச்சை ஓட்டுகிறவருக்குக் கை காட்டுவாய். "கைய ஆட்டிகினே சம்பளம் வாங்குறான்பா" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். உன் கை தப்பினால் யார் தலையில் விழும் என்று அவர்களுக்கும் தெரியும். இந்த ஆர்.என்.ஏ.க்களும் அப்படித்தான். எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா கிடக்கணும் என்று கை காட்டுகின்றன. கட்டியில் இவற்றில் சில அளவுக்கு மீறிப் பெருகிக் கிடக்கின்றன. அவைதான் நோயைக் கிளப்புகின்றனவா, நோய் வந்தபின் பெருகினவா? என்றைக்காவது ஒரு சொட்டு ரத்தத்திலேயே இவற்றைப் பார்த்து முன்கூட்டிச் சொல்லிவிட முடியுமா?

அதுவரை குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிற பழைய வழிதான். அதற்கு அண்ணனைக் கிளப்புவதற்குள் என் உயிர் போய்விட்டது.

அவன் எண்ணூரில் நிலக்கரி இறக்கும் கிரேன் ஓட்டுகிறான். போன மாதம் அண்ணி என் காதைக் கடித்தாள். "மூணு மாசமா ரத்தம் போவுது, வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு."

நேரே போய்க் கேட்டேன்.

"கேபின் சீட்டு சூட்டுல வந்த மூலம், மே. நாள் பூரா குந்திகினு கீறேன்ல. கருணக்கெயங்கு துன்னா செரியாப்பூடும்."

"நைனா இன்னா சொன்னாருன்னு ஞாபகம் கீதா?"

நீயும் அதைத்தானே சொன்னாய்? வெயிலில் காய்ந்த கப்பல் இரும்பில் உட்கார்ந்த சூடு என்று. ஒரு வருஷம் நாங்களும் நம்பி மோர் கரைத்துக் கொடுத்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

"ஆஸ்பத்திரிக்கு எப்ப போவணும்?" என்றான் அண்ணன்.

சோதனைக்கு முந்தின நாள் குடல் சுத்தமாக பேதி மருந்து குடிக்கணும். ஆறு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். பகல் பூரா அண்ணன் அதைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டான். வாளியோடு காத்திருந்த எதிர்வீட்டு ரோசி அக்கா கதவைத் தட்டி, "இன்னாபா, உள்ள கப்பல் கட்டிகினு கீறியா?" என்றாள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

மறுநாள் குழாய் விட்டுப் பார்த்தால், குடலில் சுண்டைக்காய் அளவு ஒரு சதை மொட்டு. அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். அதைச் சோதித்த முடிவு ஒரு வாரத்தில் வந்தது. இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். அவர் எதிரிலேயே ஓவென்று அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அப்பாவுக்கு இருந்ததால் கூடப் பிறந்தவளும் பார்த்துக்கொள்ளணுமாம். அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினான். "மே, நீ எப்ப பாத்த?"

நான் பார்த்ததே இல்லை, நைனா. தினமும் ஊரார் குடலைப் பார்க்கிற எனக்கு என் குடலைப் பார்க்கப் பயம். வேலை இருக்கிறது, அடுத்த மாதம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமைக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். அண்ணன் லீவு போட்டுக் கூட வருகிறான். பயந்துகொண்டேதான் போவேன், ஆனால் போவேன். உன் மேல் சத்தியம்.

உன் குடலும் உன் பயமும் வாய்த்த மகள்,
மல்லிகா