ஃபாலிஹ் சித்தப்பாவின் நாற்காலி

ஏப்ரல் 6
புவியியல் தேர்வில் அறுபத்தெட்டு. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.

இன்று அம்மா என் கழுத்துச் சங்கிலியில் ஒரு சாவியைக் கோத்துவிட்டாள். அறை அலமாரியின் சாவி. ஃபாலிஹ் சித்தப்பாவின் துக்கத்துக்கு வாங்கிய சிகரெட்டில் மீந்தது உள்ளே இருக்கிறது. மூன்று நாளும் வந்தவர்களுக்குக் கசப்புக் காப்பியோடு தட்டில் வைத்து நீட்டினார்கள். நாற்பதாம் நாளுக்கு மறுபடி தட்டு சுற்ற வேண்டும். இறந்தவர் பேரில் வாங்கியதை வீசக்கூடாதாம்.

"என்கிட்ட இருந்தா உங்கப்பா கெஞ்சுவாரு, நான் குடுத்துத் தொலைச்சிருவேன். உன்கிட்ட கேக்க வெக்கப்படுவாரு. வச்சுக்கோடி."

சித்தப்பாவைக் கொண்டுபோனது நுரையீரல். அவரைப் புதைத்துவிட்டு வந்த அன்றே அப்பா சிகரெட்டை விட்டார். இன்று பதினெட்டாம் நாள். சித்தப்பாவின் எக்ஸ்ரேயில் இருந்த வெள்ளைப் புள்ளி அப்பாவின் எக்ஸ்ரேயிலும் இருக்கிறது. சின்னதாக. இனி புகையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதை வேதியியல் நோட்டின் பின்பக்கத்தில், போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். யாரும் பார்க்கக் கூடாது.

ஏப்ரல் 9
மத்தியானத் தூக்கம். பஸ்ரா நகரமே செத்தது போல் கிடந்தது. கரண்ட் போனது, மின்விசிறி நின்றது. கதவிடுக்கில் பார்த்தேன். அப்பா மல்லாந்து தூங்குகிறார். வலது கை தானாக எழுந்தது. இரண்டு விரல்கள் உதட்டுக்குப் போயின. நெஞ்சு நிறைய இழுத்தார். விரலைப் பாயின் ஓரத்தில் தட்டினார், சாம்பலைத் தட்டுவது போல. பிறகு மெல்ல ஊதினார்.

கையில் ஒன்றும் இல்லை. கண் மூடியே இருந்தது.

ஏப்ரல் 12
மத்தியானம். மாடிப்படியில் சிகரெட் வாசனை. சித்தப்பா பிடிக்கும் வகைதான், எனக்குத் தெரியும்.

அலமாரி பூட்டியிருக்கிறது. சாவி என் கழுத்தில்.

மாடியில் தகரக் கூரைக்கடியில் இரண்டு நாற்காலிகள். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவும் சித்தப்பாவும் அங்கேதான் உட்கார்வார்கள். அப்படியானால் இன்று மேலே இருந்தது யார்? அப்பாவா, அவரா?

அப்பாவாக இருக்க வேண்டாம். பேயாகவே இருக்கட்டும்.

ஏப்ரல் 14
பார்த்துவிட்டேன். அப்பாதான்.

அப்பா ஓட்டும் படகில் அக்கரைக்குப் போகிறவர்கள் சிகரெட் நீட்டுகிறார்களாம். "துக்க வீட்டுக்காரர் வேண்டாங்கறதா, அபூ மைஸூன்?" என்று, மைஸூனின் அப்பாவாக, என் பேரைச் சொல்லிக் கேட்டால் வாங்கிக் காதில் செருகிக்கொள்கிறார். அதை மாடியில் பற்ற வைத்து, ஒரே ஒரு இழுப்பு இழுத்து, சித்தப்பாவின் நாற்காலிக் கையில் இருக்கும் சாம்பல் கிண்ணத்தில் சாய்த்து வைத்தார்.

"இந்தாடா ஃபாலிஹ். நீயே குடி. நான் பாத்துக்கிட்டு இருக்கேன், எனக்கு அது போதும்."

காற்றே இல்லை. ஆனாலும் அதன் முனை ஒரு தடவை சிவந்து மங்கியது. படியில் உட்கார்ந்திருந்த நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

ஏப்ரல் 15
இன்று இரண்டு இழுப்பு இழுத்தார்.

பற்ற வைக்கத்தானே வாயில் வைக்கிறார்? வேறு யாராவது பற்ற வைத்தால்?

ஏப்ரல் 16
செய்துவிட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அப்பா கை கழுவும் நேரத்தில் அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். பற்ற வைக்க மூன்று குச்சி ஆனது. தொண்டை எரிந்தது, கண்ணில் நீர். கிண்ணத்தில் சாய்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தேன்.

அப்பா வந்தார். புகையைப் பார்த்து நின்றார். 

"ஃபாலிஹ்?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அப்ப... நான் பத்த வைக்க வேணாங்கறியா?" குரல் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. காதிலிருந்த சிகரெட்டை எடுத்துக் கசக்கித் தெருவில் போட்டார். சிகரெட் எரிந்து முடியும் வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 20
நான்கு நாளாக அப்பா தீக்குச்சியைத் தொடவில்லை. காதில் எதுவும் இல்லை. "ஒருத்தன் மேல இருந்து பாக்கறான்"னு அம்மாவிடம் சொல்கிறார். "யாரு, கொக்கா?" என்று அம்மா சிரிக்கிறாள்.

தினமும் ஒன்று பற்ற வைக்கிறேன். இப்போது எனக்கு இருமல் வருவதில்லை.

ஏப்ரல் 24
வெள்ளிக்கிழமை. அப்பா தொழுகையிலிருந்து நேராக அத்தை வீட்டுக்குப் போனார். இன்று மாடிக்குப் போகத் தேவையே இல்லை.

போனேன். பற்ற வைத்தேன். கிண்ணத்தில் வைக்கவில்லை.

யாருக்காக?

ஏப்ரல் 28
நாற்பதாம் நாள். அம்மா என் சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றி அலமாரியைத் திறந்தாள். ஒரு பெட்டி பாதி காலி.

கூடத்தில் ஆட்கள் நிறைந்திருக்க, சமையலறையில் அப்பாவைப் பிடித்தாள். "செத்த தம்பிக்குன்னு வச்சதத் திருடினியா? வெக்கமா இல்ல?"

"நான் தொடல, சுஹாம்."

"பின்ன யாரு?"

அப்பா மெதுவாகச் சொன்னார்: "ஃபாலிஹ் எடுத்திருப்பான்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் தட்டில் சிகரெட்டை அடுக்கினேன். அடுக்கும்போதே மூன்றை உள்ளங்கையில் மறைத்தேன். கை தானாகச் செய்தது. அப்பாவின் கை தூக்கத்தில் எழுந்தது போலவே.

ஏப்ரல் 30
மூன்றும் தீர்ந்தன. அப்பாவுக்காகக் கிண்ணத்தில் ஒன்றும் வைக்கவில்லை. அவர் மாடியில் வெகுநேரம் காத்திருந்தார். "கோவமாடா?" என்று நாற்காலியிடம் கேட்டார்.

மே 1
மத்தியானம் தூங்கி விழித்தபோது அப்பா என் பாயருகே உட்கார்ந்திருந்தார். என் கையைப் பார்த்துக்கொண்டு.

"தூக்கத்துல உன் ரெண்டு விரலும் உதட்டுக்குப் போச்சு" என்றார்.

என் விரல்களை எடுத்து முகர்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"மேல இருந்தது நீதானா, மைஸூன்?"

தலையாட்டினேன். அப்பாவின் முகம் — எப்படி எழுதுவது — சித்தப்பாவை இரண்டாம் தடவை புதைத்துவிட்டு வந்தவர் போல இருந்தது.

"அவன்தான் வந்தான்னு நெனச்சுத் தாங்கிக்கிட்டு இருந்தேன்மா. இப்ப எதப் புடிச்சுத் தாங்கறது?"

நான்தான் கெடுத்துவிட்டேன். நாளைக்கு அவர் திரும்பவும் ஆரம்பித்தால் அந்த வெள்ளைப் புள்ளி வளரும். அதை வளர்த்தது நானாக இருப்பேன்.

மே 2
அப்பா படகிலிருந்து திரும்ப இரண்டு மணி நேரம் தாமதம். பக்கத்தில் போய் முகர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை.

மே 3
அப்பா மணியெண்ணித் துதிக்கும் தன் தஸ்பீஹ் மாலையை அறுத்தார். பாதி மணிகளைத் தன் நூலிலும் மீதியை ஒரு தூண்டில் நூலிலும் கோத்தார். தூண்டில் நூல் எனக்கு.

"ஆசை வந்தா ஒவ்வொண்ணாத் தள்ளு. கடைசி மணி வர்றதுக்குள்ள போயிரும்."

"போகலன்னா?"

"மறுபடி மொதல்லேருந்து. நேத்து கரைக்கு வராம ஆத்து நடுவுல படக நிறுத்திட்டு இதத்தான் செஞ்சேன். ஒம்போது சுத்து." கொஞ்சம் சிரித்தார். "உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம். உனக்கு இன்னிக்கு மூணாம் நாள்."

மே 7
ஆங்கிலத் தேர்வு. மேசைக்கடியில் பதினான்கு சுற்று. ஆசிரியை என்னைப் பக்தியுள்ள பெண் என்று பாராட்டினார்.

மே 12
கனவில் சிகரெட் பிடித்தேன். விழித்ததும் அழுதேன், எல்லாம் போச்சு என்று. அப்பாவுக்கும் அதே கனவு வருகிறதாம். "கனவுல குடிச்சது கணக்குல சேராது" என்றார்.

மே 17
அப்பாவுக்கு முப்பத்திரண்டாம் நாள். எனக்குப் பதினேழாம் நாள்.

மத்தியானம் உலர்ந்த எலுமிச்சைத் தேநீரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். அப்பா தன் நாற்காலியில். நான் படியில். சித்தப்பாவின் நாற்காலி காலி. சாம்பல் கிண்ணத்தை அம்மா கழுவி எங்கோ வைத்துவிட்டாள். வீட்டில் ஒரு சிகரெட் கூட இல்லை. தெருவில் ஆள் இல்லை, காற்று இல்லை.

சிகரெட் வாசனை வந்தது. சித்தப்பாவின் வகைதான்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கும் வருதா?" என்றார்.

"வருதுப்பா."

"பயப்படாத. உக்காரு. போயிரும்."

இருவரும் மணியைத் தள்ளினோம். நான்காவது சுற்றில் போய்விட்டது.