காலி அறையின் சத்தம்

பெரார்கஞ்ச்
9.2.2012

அன்பு மகன் முத்துராஜுக்கு அம்மா ஒச்சம்மா சொல்ல ராணி எழுதுவது. நானும் தங்கச்சியும் இங்கே சுகம், நீ மெட்ராஸில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பொழுது போகிறது. பாக்குத் தோட்டத்தில் வேலை இருக்கிறது. முழங்கால் வலி முன்னைப் போல் இல்லை. பக்தவத்சலம் மாமா நாளைக் காலை விமானத்தில் அங்கே வருகிறார், அவரிடம் இந்தக் கடிதமும் கருவாடும் கொடுத்து விடுகிறேன், கருவாட்டை ஒரு தடவை வெயில் காட்டிக்கொள். ராத்திரி வேலை விட்டுத் தனியாக நடக்காதே. ராணி பள்ளிக்கூட நாடகம் என்று என்னமோ செய்கிறாள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, கப்பல் டிக்கெட்டுக்கு அலைந்து கஷ்டப்பட்டு வர வேண்டாம்.

அண்ணா, மேலே இருப்பது அம்மா சாயங்காலம் சொன்னது. இனிமேல் எழுதுவது நான். அம்மா தூங்குகிறார்கள், விளக்கைத் துணியால் மறைத்து வைத்து எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அது எப்போதும் அம்மா இடுப்பில் இருக்கிறது, ஒற்றை அறையில் எதைப் பேசினாலும் கேட்கும். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. அந்த நாடகத்தில் நான் அம்மா, மகனாக நடிப்பவன் மெட்ராஸ் கல்லூரிப் பையன். அவனை நான் பார்த்ததே இல்லை. அவன் அங்கே பேசியதையும் நான் இங்கே பேசியதையும் கல்லூரியில் ஆவுடையப்பன் சார் என்பவர் ஒட்டி, ஒரே வீட்டில் நிற்பது போல் ஆக்குவாராம். எங்கள் கம்ப்யூட்டர் சார் பிஸ்வாஸ் பள்ளிக்கூடத்து மொபைலைக் கொடுத்து, அரிசி டின் மேல் நிற்க வைக்கச் சொன்னார், ஜன்னலில் போர்வை கட்டச் சொன்னார், பேசும் முன் ஒரு தடவை கை தட்டச் சொன்னார். அப்போதுதான் படமும் சத்தமும் சேருமாம், எப்படிச் சேரும் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. மகன் கண் இருக்கும் இடத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காகச் சுவரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். "கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வா" என்று பொட்டிடம் சொல்ல வேண்டும். இருபது தடவை சொல்லியும் எனக்குச் சரியாக வரவில்லை. அம்மா முறத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாடகத்துக்குச் சம்மதித்தபோதே அம்மா போட்டது ஒரே ஒரு நிபந்தனைதான். "நீ ஆடு, பேசு, என்னமோ பண்ணு. நம்ம வீட்டுச் சங்கதி ஒன்னும் வெளிய போவக்கூடாது."

கடைசியாக பிஸ்வாஸ் சார் "காலி கம்ரே கா ஆவாஸ், ஏக் மினிட்" என்று இந்தியில் சொன்னார். வெறும் அறைச் சத்தத்தை எதற்குப் பிடிப்பது என்று குழம்பினேன், கேட்டால் திட்டுவார் என்று கேட்கவில்லை. அவர் சொன்ன காலிக்கு 'மட்டும்' என்று அர்த்தமாம், நான் பக்கத்திலேயே மூச்சுக் காட்டாமல் நின்றிருக்க வேண்டுமாம். எனக்கு நம் தமிழ்க் காலிதான் தோன்றியது. ஆளில்லாத வீடாக இருக்க வேண்டும் என்று மொபைலை ஓடவிட்டுவிட்டு வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக் கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தேன், அப்படியே குழாயடி வரிசையில் மாட்டிக்கொண்டேன். அம்மா தோட்டத்திலிருந்து சீக்கிரம் திரும்பியது எனக்குத் தெரியாது.

இன்றைக்கு சார், ஒரு நிமிடம் கேட்டால் பதினெட்டு நிமிடம் பிடித்திருக்கிறாயே, கோழிகளையும் நடிக்க வைத்தாயா என்று சிரித்தார். அவர் அதைக் கேட்கவில்லை, நீளத்தை மட்டும் பார்த்திருக்கிறார். நான் இயர்போன் போட்டுக் கேட்டேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் அம்மா குரல் வருகிறது. "கதவு தெறந்துதான் இருக்கு முத்து. உள்ள வா." என் வசனம்தான், உன் பேரைச் சேர்த்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பிறகு "அப்பாதான் போய்ட்டாரு. நீ உசுரோட இருக்க, வந்துரு சாமி" என்கிறார்கள். கச்சால் தீவில் சுனாமிக் கடல் வந்து அப்பா போனதிலிருந்து அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மொபைலில் இருந்ததை உடனே அழித்துவிட்டேன். ஆனால் எல்லாவற்றையும் ஏற்றிய மெமரி கார்டு நேற்றே கப்பல் ஏறிவிட்டது, சனிக்கிழமை அங்கே போய்ச் சேரும். சாரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது, அப்படி என்ன பேசியிருக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டாலும் கேட்பார். முகம் தெரியாத ஆட்கள் அம்மா பேசியதைக் கேட்டார்கள் என்று தெரிந்தால் அம்மா என்னை மன்னிக்க மாட்டார்கள். நீ சனிக்கிழமையே கல்லூரிக்குப் போய் (விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்) ஆவுடையப்பன் சாரைப் பார்த்து அந்த ஒன்றை மட்டும் அழிக்கச் சொல், 'காலி' என்று பேர் போட்டிருக்கும். அவர் கேட்கும் முன் நீ போய்விடு. காரணம் எதுவும் சொல்லாதே.

கப்பல் டிக்கெட்டுக்கு அலைந்து வர வேண்டாம் என்று மூன்று வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் நான்தான் எழுதுகிறேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன், அதுதான் அம்மா மனசு என்று நினைத்தேன். இப்போது எது அம்மா சொன்னது என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

இன்னொன்று. அன்றைக்கு நான் திரும்பி வந்தபோது சுவரில் பொட்டு நான் ஒட்டிய இடத்தில் இல்லை, ஒரு சாண் மேலே இருந்தது. பல்லி தட்டியிருக்கும் என்று நினைத்தேன். இப்போது எழுந்து போய் அளந்து பார்த்தேன், நீ போவதற்கு முன் கரியால் கோடு போட்டாயே உன் உயரத்துக்கு, அதற்குச் சரியாகக் கீழே, உன் கண் இருக்கும் இடத்தில் இருக்கிறது. நான் எடுக்கவில்லை.

கருவாட்டை வெயில் காட்ட மறக்காதே. அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு, இதை அம்மா சொல்லாமலே எழுதுகிறேன். அழிக்கச் சொல்வதற்கு முன் பன்னிரண்டாவது நிமிடத்தை மட்டும் நீ ஒரு தடவை கேள் அண்ணா.

இப்படிக்கு, அம்மா சொன்னதையும் சொல்லாததையும் எழுதிய
ராணி