குண்டுச் சத்தம் கேட்கிற காது

ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் டிவி ஆரம்பித்துவிட்டது. ரஷ்யாவில் பனி. பனியில் டாங்கி. டாங்கிக்குப் பின்னால் ஓடுகிற ஆட்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. மேலே தொட்டி நிரம்பிச் சுவரெல்லாம் தண்ணீர். "என்னங்க, மோட்டாரை நிறுத்துங்க" என்று சமையலறையிலிருந்து மூன்று தரம் கத்தினேன். சுவிட்ச் அவர் தலைக்கு மேலேதான் இருக்கிறது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை மாவோடு நானே வந்து நிறுத்தினேன்.

அடுத்த நிமிஷம் கேட்டுக்கு வெளியே பக்கத்துத் தோட்டத்து மாதையன், "சவுரியண்ணா" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தான். "தோ வரேன்" என்று எழுந்து போனார். அந்த டாங்கிச் சத்தத்திலும் அவன் குரல் கேட்கிறது.

பீரங்கிப் படையில் இருபத்து நாலு வருஷம். அப்புறம் தர்மபுரியில் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு பதிமூன்று வருஷம். போன தீபாவளியோடு அதுவும் முடிந்தது. இப்போது சோபாதான் டியூட்டி. காலையில் ஒரு யுத்தப் படம், சாப்பிட்டதும் போர் வரலாறு, சாயங்காலம் கப்பல் கவிழும். சத்துணவுக் கூடத்தில் நூற்றுப் பத்துப் பிள்ளைகள் என் ஒரு அதட்டலுக்கு அடங்குகிறார்கள். வீட்டில் ஒரு ஆளுக்கு என் பேச்சு உறைக்கவில்லை. வேறு யாரிடம் சொல்வது? நகைக்கடையில் ஓசியில் கொடுத்த டைரி, இதுதான் காது கொடுக்கிறது.

ஜனவரி 27, திங்கள்

கடத்தூரில் காது டாக்டர் வருகிறாராம், ஒரு எட்டு போய்ப் பார்க்கலாமா என்று அவர் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன். "எங்காதுக்கு என்ன கேடு?" என்று எரிந்து விழுந்தார். வாஸ்தவம்தான். லாரி ஹாரன் கேட்கிறது, கோயில் மணி கேட்கிறது, மாதையன் இருமினால்கூடக் கேட்கிறது. காதில் கோளாறு இல்லை. நான்தான் கோளாறு.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. நம்பவும் முடியவில்லை.

ஓசூரிலிருந்து ஷைனி போன் செய்தாள். கம்பெனியில் கூட வேலை செய்கிற மாதேஸ்வரன் விஷயம் எனக்கு ஆறு மாதமாகத் தெரியும். இண்டூர்ப் பையன். நல்ல மாதிரி. இந்துக் குடும்பம், அதனால்தான் அவரிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். "அப்பாகிட்ட நானே கேட்டுக்கறேம்மா, போனைக் குடு" என்றாள். டிவியில் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. சத்தத்தைக் குறைக்காமலே காதில் வைத்தார். ஐந்து நிமிஷம். "ம்... சரிம்மா... சரி, சரி. உன் இஷ்டம். சாப்பிட்டியா?" அவ்வளவுதான்.

என்னிடம் போன் வந்தபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். "அப்பா ஒரு வார்த்த மறுத்துப் பேசலம்மா!"

இந்த மனுஷனுக்குள் இப்படி ஒருத்தர் இருந்தாரா? சாயங்காலம் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். கொடியில் கிடந்த அவர் சட்டைக்கு இஸ்திரி கூடப் போட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

மானம் போய்விட்டது.

இண்டூரிலிருந்து பையனின் அப்பா கிருஷ்ணப்பனும் அம்மா ராமக்காளும் பூ பழத்தட்டோடு வந்தார்கள். ஷைனி நேற்றே வந்துவிட்டாள். யார் வருகிறார்கள் என்று இவரிடம் நேற்றும் சொன்னேன், காலையிலும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

கிருஷ்ணப்பன், "பெரியவங்க நீங்களே சம்மதம் சொன்னது பெரிய மனசுங்க" என்றார். இவர் விழித்தார். "என்ன சம்மதம்?"

ஷைனி சிரித்துக்கொண்டே, "ஏம்ப்பா, போன்ல கேட்டேனே, சரின்னீங்களே" என்றாள். அவள் வாயையே பார்த்தார். முகம் கறுத்துப்போனது. பிறகு சொன்னார்: "எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. நான் ஒண்ணும் சொல்லல."

எல்லார் எதிரிலும். பிள்ளையை. ராமக்காள் ஷைனியைப் பார்த்த பார்வை இருக்கிறதே — 'பொய் சொல்லியா எங்களை வரவழைத்தாய்' என்று. காபியைத் தொடாமல் எழுந்துபோனார்கள். ஷைனி அப்போதே பையை எடுத்தாள். "பேச்சு மாறுவாருன்னு நெனைக்கலம்மா. நான் இனிமே இந்த வூட்டுக்கு வரமாட்டேன்." பஸ் ஏற்றிவிட்டு வந்தால் டிவியில் பீரங்கி. உட்கார்ந்திருக்கிறார். சே, இவரெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 8, சனி

ஆறு நாளாக அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அடுக்களையிலிருந்து நானும் தினம் இந்தப் படங்களைப் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு பொம்பளை வருவாள். கடுதாசி படிப்பாள், அழுவாள். அரை நிமிஷம். அப்புறம் மறுபடி குண்டு. எடுத்தவன் என் வீட்டைப் பார்த்துத்தான் எடுத்திருப்பான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

எழுதலாமா கூடாதா? எழுதிவிடுகிறேன்.

ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியூர்ச் சாமியார் வந்திருந்தார். பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் முன்னால், நான் நாலாவது ஆள், எனக்குப் பின்னால் மிக்கேலம்மாள் அக்கா. இவர் முழங்காலிட்டார். ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். கோயில் முழுக்கக் கேட்டது.

"சாமி, எனக்குக் காது போயி ரொம்ப வருஷமாச்சு. ஆம்பளைங்க பேசுனா பாதி கேக்குது. பொம்பளைங்க பேசுனா சுத்தமா கேக்கறதில்ல. பட்டாளத்துல இருக்கறப்பவே போயிருச்சு. டாக்டரு பின்னால நின்னு மெதுவா நம்பர் சொல்லுவாரு, எதுக்க நிக்கற சிநேகிதன் வெரல்ல காட்டுவான். பிரமோஷன் போயிருமேன்னு அப்படி ஏமாத்துனேன். வூட்டுலயும் அப்படியே ஏமாத்திட்டிருக்கேன். சண்டைப் படம்தான் சாமி எனக்கு முழுசா கேக்குது."

சாமியார் என்னவோ கேட்டார். இவர் அழுதார். இருபத்தேழு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை.

"எம்மவ போன்ல என்ன கேட்டான்னே தெரியாம சரின்னுட்டேன் சாமி. அவங்க வந்து நின்னப்ப புரிஞ்சுபோச்சு. செவுடன்னு சொல்ல வாய் வரல. அதுக்குப் பதிலா எம்புள்ளயப் பொய்க்காரி ஆக்கிட்டேன்."

"வூட்டுல போய்ச் சொல்லுங்க" என்று சாமியார் கத்தவேண்டியிருந்தது.

வரிசையில் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். மிக்கேலம்மாள் அக்கா என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "நமக்கு எதுவும் கேக்கல அமுதா. பாவசங்கீர்த்தனத்துல கேட்டத வெளிய சொல்லக்கூடாது. தெரியுமில்ல?"

தெரியும். சின்ன வயதில் முதல் நற்கருணை வாங்கினபோதே சொல்லிக்கொடுத்தது.

ஏப்ரல் 16, புதன்

சொல்லுவார். சாமியாரே சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

சொல்லவில்லை. ஷைனி வரவில்லை. மத்தியானம் பாராசூட்டில் ஆட்கள் குதித்தார்கள்.

எனக்கு இரக்கம்தான் வரவேண்டும். வரவில்லை. ஊருக்கே கேட்க ஆண்டவரிடம் சொன்னார், எனக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் வேண்டாதவளாகவே கிடந்து வெந்தேனே — அதற்கு யார் பதில் சொல்வது? ஒரு வார்த்தை, 'அமுதா, எனக்குக் கேக்கல.' அதற்கு என்ன கேடு?

மே 12, திங்கள்

செய்தியில் பார்த்துக்கொண்டிருந்த எல்லைச் சண்டை நின்றுவிட்டதாம். பழைய சண்டைகளுக்குத் திரும்பிவிட்டார்.

ஷைனி போன் செய்தாள். ஓசூர் ரிஜிஸ்டர் ஆபீசில் நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, ஜூன் ஒன்பது கல்யாணம். "நீ மட்டும் வாம்மா. அப்பாகிட்ட நீயே சொல்லு. வந்தா வரட்டும். ஆனா நான் கூப்பிடமாட்டேன்." அவர் பேச்சு மாறவில்லை கண்ணு, அவருக்குக் காதே — நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கினேன். அது அவர் வாயால் வரவேண்டியது.

ஜூன் 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவர் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது சோபாவுக்குப் பின்னால் நின்றேன். எப்போதும் பேசுகிற குரலில், கத்தாமல், "ஷைனிக்கு ஒன்பதாம் தேதி ஓசூர்ல கல்யாணம். வரீங்களா?" என்று கேட்டேன். நான் நிற்பது தெரிந்து, திரும்பாமல், "ம், ம். செய்" என்றார்.

சொல்லியாகிவிட்டது.

ஜூன் 9, திங்கள்

அக்கா வீட்டுக்குப் போவதாகத் துண்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனேன். கல்யாணம் பத்தே நிமிஷத்தில் முடிந்தது. ராமக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஷைனி ஒரு தரம் வாசல் பக்கம் பார்த்தாள். "அப்பாகிட்ட சொன்னியாம்மா?" "சொன்னேன்" என்றேன்.

துண்டுச் சீட்டு எழுதத் தெரிந்த கைதானே. அன்றைக்கு ஏன் எழுதவில்லை?

ஜூன் 22, ஞாயிறு

மாதையன் யாரிடமோ கேள்விப்பட்டிருக்கிறான். கேட்டருகே நின்று, "என்னண்ணா, பாப்பாவுக்குக் கண்ணாலம் முடிஞ்சுதாமே, ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டான். அவன் குரல்தான் இவருக்குக் கேட்குமே.

உள்ளே வந்து டிவியை நிறுத்தினார். வீடு அப்படி அமைதியாகி எத்தனை நாள் ஆயிற்று. என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் வாயைப் பார்த்தார்.

"எங்கிட்ட சொல்லலயே நீ?"

மெதுவாக, அவருக்கு விளங்கும்படி வாயைத் திறந்து சொன்னேன். "சொன்னேங்க. ஒண்ணாந்தேதி. நீங்க 'செய்'ன்னீங்க."

இப்போதாவது சொல்லிவிடு மனுஷா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன், நானும் செய்ததைச் சொல்லியிருப்பேன்.

"ஆமா" என்றார். "சொன்ன. நாந்தான் மறந்துட்டேன்."

பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"புள்ள நல்லா இருக்கட்டும்" என்றார்.