எடை குறைந்த பியானோ

சனிக்கிழமை, லாலாகுடா

பழைய கீபோர்டுக்குப் பதிலாக இன்று டிஜிட்டல் பியானோ வந்தது. ஹெட்போன் மாட்டி வீட்டிலேயே வாசிக்கலாம் என்றுதான் கேட்டேன். மாடி ஏற்ற வேண்டுமே என்று எடை குறைந்ததாக நானே தேர்ந்தெடுத்தேன்.

அப்பா ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "அட, இவ்வளவு லைட்டா! நாளைக்கு சர்ச்சுக்கே தூக்கிட்டுப் போயிடலாம்மா. நீ வாசிப்பேன்னு பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"நக்கோப்பா, வேணாம். எல்லாரும் பார்ப்பாங்க."

"ஸ்கூலையும் இதைச் சொல்லித்தான் விட்டே" என்றாள் அம்மா.

எல்லோரும் தூங்கியதும் பியானோ உறையிலிருந்து அடாப்டரை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன். அது இல்லாமல் பியானோ வெறும் பலகை. காலையில் அப்பா சபை முன்னால் சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். அவர் முகம் இப்போதே தெரிகிறது. எழுந்து போய்த் திரும்ப வைத்துவிடலாம். கால் வரவில்லை.